மார்கழியில் மூக்கடைத்தால் எதற்குக் காசு செலவழிப்பது?

மார்கழி பிறந்துவிட்டால் வெள்ளவத்தையில் எந்தப் பாமசிக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் மூக்கடைப்புக்கு மருந்து கேட்டுக்கொண்டு நிற்பார். சொட்டு மருந்து, ஸ்பிரே, தடிமன் குளிசை, தைலம், உப்புப் பொதி என்று ஐந்தாறு சாமான் அவர் முன்னால் வந்து சேரும். வீட்டுக்குப் போனால் அம்மா நொச்சி இலை அவித்து வேது (ஆவி) பிடிக்கச் சொல்வார். கனடாவில் இருக்கும் அண்ணா போன் எடுத்து, அறைக்கு ஈரப்பதமூட்டி ஒன்று வாங்கு என்பார். எல்லாவற்றையும் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. சிலது உண்மையாகவே உதவும், சிலது சுகம் மட்டும் தரும், ஒன்றிரண்டு இருப்பதையும் கெடுத்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் வாழும் ஒருவர் பீனிசத்துக்கு (சைனஸ் தொல்லைக்கு)ச் செலவழிக்கும் முதற் காசு கொதித்தாறிய தண்ணீருக்கும் உப்புக்கும் போக வேண்டும். அடுத்தது படுக்கையறையைச் சரிசெய்வதற்கு. மருந்து அதற்குப் பிறகுதான், அதுவும் காரணம் இன்னதென்று தெரிந்த பிறகு.

நமக்கு எந்தக் குளிர்?

கொழும்பில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பநிலை 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. ரொறன்ரோவில் இருப்பவருக்கு அது கோடை. அப்படியிருந்தும் இந்த மாதங்களில் மூக்கு அடைக்கிறது என்றால், குளிரோடு வேறு சிலதும் சேர்ந்து வருகின்றன.

முதலாவது காற்று. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்தின் புகையும் தூசும் கடல் தாண்டி இங்கே வந்து சேர்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுதோறும் இந்த மாதங்களில் எச்சரிக்கை விடுவது அதனால்தான். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இந்தக் காற்றுக்காகவே நாடு முழுவதும் அரசுப் பாடசாலைகளை மூடினார்கள். அன்று ஊரெல்லாம் கிடந்த மங்கலைப் பலர் பனி என்றே நினைத்தார்கள்.

இரண்டாவது ஏசி. பகல் முழுக்க அலுவலகத்தில் 18 பாகை, வெளியே வந்தால் 31 பாகை, பஸ்ஸில் புகை, இரவில் மறுபடியும் ஏசி. குளிரூட்டும் இயந்திரம் காற்றைக் குளிர்விக்கும்போதே அதன் ஈரத்தையும் உறிஞ்சி வெளியே விடுகிறது. குளிரும் வறட்சியும் சேர்ந்த காற்றுத்தான் மூக்குக்கு ஆகாதது.

மூன்றாவது வைரஸ். விடுமுறை, கலியாண வீடுகள், நத்தார் ஒன்றுகூடல்கள், வெளிநாட்டுச் சொந்தங்களின் வருகை எல்லாம் ஒரே மாதத்தில் வருகின்றன. ஒரு பிள்ளைக்குத் தடிமன் என்றால் வீடே தும்மும்.

விடிய முழுகி, ஈரத் தலையோடு திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போனால் பீனிசம் வரும் என்று பெரியவர்கள் சொல்வதையும் இங்கே பார்க்கலாம். தடிமனைத் தருவது வைரஸ்தான். ஆனால் குளிருக்கு ஒரு பங்கும் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2005இல் பிரித்தானியாவின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 90 பேரின் கால்களை 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் வைத்திருந்தார்கள். அடுத்த நான்கைந்து நாட்களில் அவர்களில் 13 பேர் தங்களுக்குத் தடிமன் என்றார்கள். தண்ணீரில் கால் வைக்காத 90 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 5 பேர். உடல் குளிரும்போது மூக்கின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, ஏற்கெனவே ஒளிந்திருக்கும் வைரஸுக்கு இடம் கொடுக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் எண்ணம். ஆகவே கோயிலுக்குப் போங்கள், போகுமுன் தலையைத் துவாயால் நன்றாகத் துவட்டிவிடுங்கள். அதில் ஒரு நட்டமும் இல்லை.

அளவுகோல் ஒன்று வேண்டும்

முகத்துக்குள் நான்கு சோடிக் காற்றறைகள் இருக்கின்றன: நெற்றியில், கன்னங்களில், கண்களுக்கு நடுவில், அவற்றுக்கும் பின்னால் ஆழத்தில். உள்ளே மெல்லிய சவ்வு, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். சவ்வு சுரக்கும் சளியை இந்த மயிர்கள் ஓயாமல் தள்ளித் தள்ளி மூக்குக்குள் கொண்டுவந்து விடுகின்றன. கன்ன அறையின் வாசல் அடியில் இல்லை, உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளிக்குழாயை மேலே பூட்டிய தண்ணீர்த் தாங்கியைப் போல, தானாக வடிய வழியில்லை. மயிர்கள் மேல்நோக்கித் தள்ளினால்தான் வடியும். குளிர்ந்த வறண்ட காற்றில் சளி தடிக்கிறது, மயிர்களின் ஓட்டம் தளர்கிறது, சவ்வு வீங்கினால் சில மில்லிமீற்றர் அகலமே உள்ள வாசல் மூடிக்கொள்கிறது. பீனிசம் தொடங்குவது அங்கேதான்.

ஆகவே எந்த மருந்தை, எந்தக் கைவைத்தியத்தைப் பார்த்தாலும் நான் கேட்பது இரண்டு கேள்விகள். வாசலைத் திறந்து வைக்கிறதா? சளியை நகர விடுகிறதா? மூக்கு "திறந்த மாதிரி" இருப்பது வேறு, திறப்பது வேறு.

வேதா, உப்புத்தண்ணீரா?

நம் வீடுகளில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். வேது பிடிப்பதில் எனக்கும் பிரியம் உண்டு. சட்டியில் தண்ணீர் கொதிக்க, நொச்சியும் மஞ்சளும் போட்டுத் துவாயால் மூடிக்கொண்டு குனிந்தால் முகம் வியர்த்து, மூக்கு இளகி, நெஞ்சு வரை ஒரு ஆறுதல் இறங்கும். கோவிட் காலத்தில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் இந்தச் சட்டி அடுப்பில் இருந்தது.

ஆனால் அந்த ஆறுதல் எவ்வளவு நேரம் நிற்கிறது? பிரித்தானியாவில் நாட்பட்ட பீனிசத் தொல்லை உள்ள 871 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2016இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு ஆவி பிடித்தல், ஒரு பகுதியினருக்கு உப்புத்தண்ணீரால் மூக்குக் கழுவுதல், வேறு ஒரு பகுதியினருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு வழமையான வைத்தியம் மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மூக்குக் கழுவியவர்களுக்குத் தொல்லை ஓரளவு குறைந்திருந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலையிடி கொஞ்சம் குறைந்தது, மற்றபடி குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. நம் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஆவி சளியைச் சற்று நேரம் இளக்குகிறது. உப்புத்தண்ணீரோ சளியையும், அதோடு ஒட்டிக்கிடக்கும் தூசு, புகைத்துகள், ஒவ்வாமை தரும் பொருட்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுகிறது. கொழும்புக் காற்றில் வாழும் மூக்குக்கு இந்த இரண்டாவது வேலைதான் முக்கியம்.

வேதில் ஆபத்தும் இருக்கிறது. கொதிக்கிற சட்டி சரிந்து பிள்ளைகள் வெந்து போகும் விபத்துகளைத் தீக்காய வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வேது பிடிக்கவே கூடாது. குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே போதும். பெரியவர்கள் பிடிப்பதென்றால் சட்டியை மடியில் வைக்காமல் உறுதியான மேசையில் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டுப் பிடியுங்கள்.

உப்புத்தண்ணீருக்கு வருவோம். யோகாசனம் படித்தவர்கள் இதை ஜலநேதி என்பார்கள், ஆக நமக்கு இது புதியதும் அல்ல. பாமசியில் பிளாஸ்டிக் போத்தலும் அளந்து கட்டிய உப்புப் பொதியும் கிடைக்கும். வீட்டில் கலப்பதென்றால் ஏறக்குறைய 570 மில்லிலீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும். உப்புக் குறைந்தால் எரியும், வெறும் தண்ணீர் மூக்கில் ஏறும்போது வருகிற அதே எரிவு. நம் கடை உப்பு பெரும்பாலும் அயடின் சேர்த்தது, சிலருக்கு அதுவும் உறுத்தும். அப்படி இருந்தால் பொதி வாங்கிவிடுவது நல்லது.

செய்யும் விதம்: தண்ணீர் உடற்சூட்டில் இருக்கட்டும். பேசினுக்கு மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மேல் பக்க மூக்குத் துவாரத்தில் மெதுவாக விடுங்கள். மற்றத் துவாரத்தால் வழியும். அப்புறம் பக்கம் மாற்றுங்கள். முடிந்ததும் மெதுவாகச் சிந்துங்கள், பலமாகச் சிந்தினால் சளி காதுப் பக்கம் ஏறும். படுக்கப் போகும் நேரத்தில் செய்தால் மிச்சத் தண்ணீர் தலையணையில் வடியும், அதனால் ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். வேலை விட்டு வந்து முகம் கழுவும் நேரம் இதற்குப் பொருத்தம்.

இதில் ஒரு விடயத்தை மட்டும் யாரும் இலேசாக எடுக்கக் கூடாது. பைப் தண்ணீரை நேராக மூக்கில் விடாதீர்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத ஒரு வகை அமீபா, மூக்கு வழியாகப் போனால் மூளைக்கு ஏறி உயிரையே எடுத்துவிடும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் பைப் தண்ணீரால் மூக்குக் கழுவிய இருவர் இப்படி இறந்தார்கள். 2024இலும் 2025இலும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பற்றி வந்த செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். மிக அரிதான நோய்தான், ஆனால் வந்தால் பிழைப்பவர் மிகக் குறைவு. தண்ணீர் கொதித்துப் பொங்கும் நிலையில் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். தானாக நிற்கும் கேத்தலென்றால் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவதே உத்தமம். வீட்டு வடிகட்டியும் கடைப் போத்தல் தண்ணீரும் இதற்குப் போதாது. போத்தலைக் கழுவிக் காயவிடுங்கள், கலந்து வைத்த தண்ணீரை அடுத்த நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

இவ்வளவு கவனம் எடுக்க முடியாதவர் வேதோடு நிற்கட்டும். எடுக்கக் கூடியவருக்கு இதைவிட மலிவான, பக்கவிளைவு குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை.

சொட்டு மருந்தா, ஸ்டீரொயிட் ஸ்பிரேயா?

பாமசி மேசையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பெட்டியும் ஒரே அளவு. ஆனால் வேலை செய்யும் விதத்தில் இரண்டும் எதிர் எதிர்.

ஒக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்ற பெயர் போட்ட சொட்டுகளும் ஸ்பிரேகளும் வீங்கிய சவ்வின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. சில நிமிடத்தில் மூக்குத் திறக்கும். அன்றிரவு நித்திரை வரும். அந்த வகையில் இதைப் போல வேகமான மருந்து வேறில்லை. சிக்கல் நான்காம் ஐந்தாம் நாளில் தொடங்குகிறது. மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு முன்பைவிடக் கூடுதலாக வீங்கும். அதற்கு மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். இப்படியே மாதக் கணக்கில் சட்டைப்பையில் சொட்டு மருந்தோடு திரிபவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தங்களுக்குத் தீராத பீனிசம் என்று நம்புகிறார்கள், உண்மையில் அந்தச் சொட்டுத்தான் மூக்கை அடைத்து வைத்திருக்கிறது. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள், அத்தோடு போத்தலை எறிந்துவிட வேண்டும். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன், பியூடெசொனைட், பெக்லோமெத்தசோன் என்பவை ஸ்டீரொயிட் ஸ்பிரேகள். ஸ்டீரொயிட் என்றதும் நம்மவர்கள் பயப்படுகிறார்கள். குளிசையாக விழுங்கும் ஸ்டீரொயிட்டுக்கு அந்தப் பயம் நியாயம். மூக்கில் அடிக்கும் அளவு மிகச் சிறிது, அதிலும் இரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான். இது உடனே மூக்கைத் திறக்காது. சவ்வின் அழற்சியைப் படிப்படியாகத் தணிக்கும், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். இரண்டாம் நாள் பலனில்லை என்று நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம், அது அநியாயம். டிசம்பர் தொடங்கினால் ஒவ்வொரு வருடமும் தும்மலும் மூக்கடைப்பும் என்று தெரிந்த ஒவ்வாமைக்காரர் நவம்பர் கடைசியிலேயே டொக்டரைக் கண்டு தொடங்கிவிடலாம்.

அடிக்கும் முறையில் பலர் கோட்டை விடுகிறார்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. குழாயின் நுனி நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்கட்டும். தலையைக் கொஞ்சம் குனிந்து, மெதுவாக மூச்சை எடுங்கள். பலமாக இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். நடுச்சுவரில் தொடர்ந்து பட்டால் மூக்கால் இரத்தம் வரும். உப்புத்தண்ணீரால் கழுவிச் சற்று நேரம் கழித்து அடித்தால் மருந்து சளியின் மேல் கிடக்காமல் சவ்வில் போய்ச் சேரும்.

ஆகவே என் பரிந்துரை: சொட்டு மருந்தை வீட்டில் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டாம். ஒரு இடத்தில் மட்டும் அதற்கு நல்ல உபயோகம் உண்டு. தடிமனோடு விமானம் ஏற வேண்டி வந்தால், இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன் அடித்துக்கொண்டால் காதும் நெற்றியும் பிளக்கும் வலி குறையும்.

குளிசைகள்

செட்டிரிசின், லோரட்டடின் வகை ஒவ்வாமைக்கு. தும்மல், மூக்கரிப்பு, கண் அரிப்பு, தண்ணீராக ஓடும் மூக்கு இருந்தால் உதவும். தடித்த சளி நிறைந்த பீனிசத்துக்குப் பெரிதாக உதவாது. எல்லா வீட்டு அலுமாரியிலும் கிடக்கும் குளோர்ஃபெனிரமின் நித்திரை தரும், சளியையும் உலர்த்தித் தடிப்பாக்கும். அதைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள்.

பல தடிமன் குளிசைகளில் மூக்கடைப்புக்கென்று ஃபீனைல்எஃப்ரின் சேர்த்திருக்கும். விழுங்கும் ஃபீனைல்எஃப்ரின் மூக்கடைப்பைத் தீர்ப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023 செப்டெம்பரில் ஏகமனதாகச் சொன்னது. பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலும் மேல்வலியும் இருந்தால் வெறும் பெனடோல் போதும்.

அன்டிபயோட்டிக் பற்றி உறுதியாகச் சொல்ல வேண்டும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பக்டீரியா என்று நினைத்துக்கொண்டு பழைய மருந்துத் துண்டைக் காட்டி அமொக்சிசிலின் வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வைரஸ் தடிமனிலும் சில நாளில் சளி நிறம் மாறும், அது நம் வெண்குருதிக் கலங்களின் வேலை. தடிமன் பிடித்த நூறு பேரில் பக்டீரியாப் பீனிசம் வருவது ஒருவர் இருவருக்குத்தான். பீனிசம் என்றே வைத்தியர் கண்டறிந்தவர்களிலும் மருந்தில்லாமல் ஒரு வாரத்தில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சுகமாகிவிடுகிறது. பத்து நாளாகியும் கொஞ்சமும் குறையாவிட்டால், அல்லது சுகமாகி வந்து திரும்பக் கடுமையானால், அல்லது 39 பாகைக் காய்ச்சலோடு மூன்று நான்கு நாள் சீழ்ச் சளியும் முகவலியும் இருந்தால் வைத்தியர் அன்டிபயோட்டிக் பற்றி யோசிப்பார். அந்த முடிவு அவருடையது.

கொத்தமல்லியும் தைலமும்

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிப்பதை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சுடச்சுடக் குடிக்கும் எந்தப் பானமும் தொண்டையை இதமாக்கும், உடலில் நீர்ச்சத்தை வைத்திருக்கும், சளி தடிக்காது. சமஹன் என்ற மூலிகைப் பானப் பொதியும் அப்படியே, ஆனால் அதில் சீனி இருக்கிறது, நீரிழிவுக்காரர் கணக்கில் எடுக்க வேண்டும். நாட்டு வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர் பொரளை ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுவது, யாரோ சொன்ன எண்ணெயைத் தானாக மூக்கில் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

சித்தாலேப போன்ற தைலங்களில் உள்ள மென்தோல் மூக்கைத் திறப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டி, காற்று தாராளமாகப் போவது போன்ற உணர்வைத் தருகிறது. நித்திரைக்கு அதுவும் உதவிதான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகில் மட்டும் பூசாதீர்கள், கற்பூரமும் மென்தோலும் அவர்களுக்கு ஆகாது.

படுக்கையறை

அண்ணா சொன்ன ஈரப்பதமூட்டிக்கு இப்போது வருகிறேன். ரொறன்ரோவில் அவர் சொல்வது சரி. வெளியே உறைபனி, உள்ளே வெப்பமூட்டி ஓடுகிறது, அறைக் காற்று பாலைவனம் போல வறண்டுவிடும். அங்கே ஈரப்பதத்தை 30 முதல் 40 வீதம்வரை உயர்த்தினால் மூக்கு ஆறும். கொழும்பில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 70 வீதத்துக்கும் மேல். இங்கே அந்த இயந்திரம் பூஞ்சணத்துக்கும் மெத்தையில் வாழும் தூசுப்பூச்சிக்கும்தான் விருந்து வைக்கும். தூசுப்பூச்சி நம் ஒவ்வாமைகளின் முக்கிய காரணங்களில் ஒன்று. வாங்க வேண்டாம்.

அந்தக் காசில் ஏசியைக் கவனியுங்கள். 26 பாகையில் வைத்து ஃபேனை மெதுவாகச் சுழல விட்டால் அதைவிடக் குளிராக வைத்த சுகம் கிடைக்கும், மூக்கும் காயாது, மின்கட்டணமும் குறையும். குளிர்காற்று நேரே முகத்தில் அடிக்காதபடி தகட்டைத் திருப்பிவிடுங்கள். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள், ஐந்து நிமிட வேலை. தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள்.

நுளம்புத்திரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. மழைக்குப் பின் டெங்குப் பயம், கதவு யன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு அறைக்குள் திரி கொளுத்துகிறோம். மூடிய அறையில் ஒரு திரி எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்த அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிள்ளைக்குப் பீனிசம் என்று ஸ்பிரே வாங்கிக் கொடுத்துவிட்டு, அதே அறையில் இரவிரவாகத் திரி கொளுத்துவது எந்த விதத்திலும் சரியில்லை. நுளம்பு வலை கட்டுங்கள். டெங்கு நுளம்பு பகலில்தான் அதிகம் கடிக்கும், அதற்குத் தண்ணீர் தேங்கும் இடங்களை அழிப்பதே வழி. சாம்பிராணியும் ஊதுபத்தியும் சுவாமி அறையோடு நிற்கட்டும், கொளுத்தும்போது ஒரு யன்னலைத் திறந்துவிடுங்கள்.

விடுமுறைக்கு நுவரெலியா போகிறவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் துகள் உறைபனியே விழும். மூக்கையும் வாயையும் மூடி ஒரு சால்வை சுற்றினால், நீங்கள் விடும் மூச்சின் ஈரமும் சூடும் அடுத்த மூச்சோடு திரும்பி உள்ளே போகும். செலவே இல்லாத மருந்து. குளிரில் மூக்குத் தண்ணீராக ஓடினால் பயப்பட வேண்டாம், உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்க மூக்கு கூடுதலாகச் சுரக்கிறது, அவ்வளவுதான்.

பீனிசம்தானா?

தலையிடி என்றால் பீனிசம் என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். தங்களுக்குப் பீனிசத் தலையிடி என்று நம்பிய ஏறத்தாழ 3,000 பேரைச் சோதித்த அமெரிக்க ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. அவர்களில் 88 வீதமானோருக்கு இருந்த அறிகுறிகள் ஒற்றைத் தலைவலியுடையவை. ஒற்றைத் தலைவலியிலும் மூக்கடைக்கலாம், கண்ணில் நீர் வரலாம், நெற்றியும் கன்னமும் வலிக்கலாம். குமட்டல், வெளிச்சம் கூசுதல் சேர்ந்து, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தானாகத் தணிந்து, திரும்பத் திரும்ப வருகிறதென்றால் மூக்கில் எதை விட்டும் பலனில்லை. அதற்கு வேறு வைத்தியம். அதேபோல, ஒரு பக்கக் கன்னம் மட்டும் வலித்து, ஒரு மூக்கால் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் முதலில் பல் டொக்டரிடம் போங்கள். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வேர் கன்ன அறையின் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்பதால், சொத்தைப் பல்லின் சீழ் அங்கே ஏறிவிடும்.

வைத்தியரிடம் போவதென்றால்

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிதல், கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலையிடி, பிதற்றல், குறையாத கடுங்காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் சனல் பண்ணி (தனியாரில் நேரம் பதிந்து) நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே தேசிய வைத்தியசாலை அவசரப் பிரிவுக்கு, பிள்ளையென்றால் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கண்ணுக்கும் மூளைக்கும் இந்தக் காற்றறைகளுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்புதான்.

மூக்கடைப்பும் சளியும் 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட பீனிசம். காது மூக்கு தொண்டை நிபுணரைத்தான் பார்க்க வேண்டும். நடுச்சுவர் கோணலா, உள்ளே சதை வளர்ந்திருக்கிறதா என்று அவர் மெல்லிய குழாய்க் கமராவை விட்டுப் பார்ப்பார். தனியாரில் சனல் பண்ணினால் சீக்கிரம் பார்க்கலாம். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் காத்திருக்க வேண்டும், ஆனால் காசில்லை, தொடர்ந்து பார்க்கவும் வசதி. நீண்ட காலம் மருந்து தேவைப்படுபவருக்கு நான் கிளினிக்கையே சொல்வேன்.

எங்கே போனாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், மணம் தெரிகிறதா இல்லையா, வீட்டில் எவருக்காவது ஆஸ்துமா உண்டா, இதுவரை மூக்கில் என்னென்ன விட்டீர்கள், ஒவ்வொன்றும் எத்தனை நாள். சொட்டு மருந்தின் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள், நிபுணருக்கு ஒதுக்கப்பட்ட அந்தச் சில நிமிடங்களில் அவர் முதலில் கேட்கப் போவது பெரும்பாலும் அதைத்தான்.